ஏர் பிடித்த வண்டிகள்

எங்கள் டெல்டாவில் 'ஏர் பிடிப்பது' என்றால் முதலில் நினைவுக்கு வருவது கலப்பைதான். ஏர் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பண்ணையில் மரியாதை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை பஸ்ஸும் டீசல் எஞ்சினும் வந்த பிறகுதான் எங்கள் ஊர் கற்றுக்கொண்டது. "ஏர் பிடிச்சிருச்சு, ஏர் எடுக்கணும்" என்று மெக்கானிக் சொன்னால், தண்ணீரோ டீசலோ ஓட வேண்டிய குழாயில் காற்று போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். ஓர் ஏர் சோறு போட்டது, மற்ற ஏர் வேலையைக் கெடுத்தது என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

வண்டியின் ரேடியேட்டருக்குள் அடைபட்ட இந்தக் காற்றைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். இதைச் சரித்திரம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். கரிகாலன் கல்லணையும் ராஜராஜன் கோயிலும் மட்டும் தஞ்சைச் சரித்திரம் ஆகிவிடாது. நூறு வருடமாக நம்மை ஏற்றி இறக்கிய வண்டிகள் எப்படிச் சூடாயின, அவற்றை யார் எப்படி ஆற்றினார்கள் என்பதும் இந்த ஊரின் கதைதான்.

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம்

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மொழியில். காற்றை அழுத்தினால் அதன் கன அளவு சுருங்கும் என்ற விதியை இந்தியப் பள்ளிகளில் 'பாயில் விதி' என்று படிப்பார்கள். எங்களுக்கு அது 'மரியோத் விதி'. அயர்லாந்தில் பிறந்த பாயில் 1662-இல் சொன்னார், பிரெஞ்சுக்காரரான மரியோத் 1676-இல் எழுதினார். ஆனால் எங்கள் வாத்தியாருக்கு மரியோத் மட்டும்தான் தெரியும்! யார் சொன்னால் என்ன, ரேடியேட்டர் விஷயத்தில் அந்த விதிதான் அடிப்படை. தண்ணீரை அழுத்தினால் சுருங்காது, தள்ளினால் நகரும். காற்றை அழுத்தினால் சுருங்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். குழாயில் மேடான ஒரு வளைவில் காற்று தங்கிவிட்டால், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அது பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கி நிமிருமே தவிர நகராது.

இரண்டாவது விஷயம் சூடு. எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்துக்குப் போகாமல் சூடாகத் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் காற்றோட்டத்தில் ஆறித் திரும்பி வர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் சூட்டில் மூவாயிரத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு லிட்டர் காற்று வாங்காது. ஆகவே எஞ்சினுக்குள் எந்த இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நிற்கிறதோ, அந்த இடத்து இரும்பு வெந்து போகும். காற்று எப்போதும் மேலே ஏறி நிற்கும். எஞ்சினில் மேலே இருப்பதும் அதிகம் சூடேறுவதும் ஒரே பாகம்தான், அதுதான் 'ஹெட்'. மொத்தத் தொல்லையும் இதில் அடங்கிவிட்டது.

வாளி ஏந்திய காலம்

1886-இல் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், போகப் போக ஊற்ற வேண்டியதுதான். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் பிள்ளைகள் இருவருடன் சுமார் 100 கி.மீ. தூரம் அந்த மாதிரி வண்டியில் பிறந்த வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்றிக்கொண்டே போனார்கள். ஆக, உலகத்தின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணத்திலேயே நம்மூர்க் கண்டக்டரின் தண்ணீர் டின் இருந்திருக்கிறது. பிறகு 1900-ஐ ஒட்டி வில்ஹெல்ம் மைபாக் என்பவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை மெர்சிடிஸ் வண்டிக்குச் செய்தார். இன்றைய ரேடியேட்டர்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

நம் பக்கத்துக்கு பஸ் வந்தது அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடத்திலேயே. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடமும் அவருடைய தொடக்க காலத் தடங்களில் ஒன்று என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பிறகு கும்பகோணத்தில் ராமன் அண்டு ராமன் போன்ற கம்பெனிகள் வளர்ந்தன. சாலியமங்கலம்–குடவாசல் தடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1959-இல் தீர்ப்பானது என்றால், ஒரு தடத்துக்கு அன்று இருந்த மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் தண்ணீரைச் சுற்றவிட பம்ப் கிடையாது. ஃபோர்டு 'டி' மாடலில், தொடக்கத்தில் வந்த சில ஆயிரம் வண்டிகளைத் தவிர மற்றவை எல்லாம் அப்படித்தான். சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். அந்தச் சுழற்சியே போதும் என்று விட்டிருந்தார்கள். இதில் ஒரு நிபந்தனை உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் மேல் குழாயின் வாய்க்கு மேலே நிற்க வேண்டும். நாலு விரற்கடை குறைந்து அங்கே காற்று வந்துவிட்டால் சுழற்சி நின்றுவிடும். மிச்சத் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. அதனால்தான் அன்றைய டிரைவர்கள் பத்து மைலுக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்தார்கள்.

நம் டெல்டா சமவெளி ஆயிற்றே, மலைப்பாதை கூட இல்லையே, இங்கே ஏன் வண்டி கொதிக்க வேண்டும்? சமவெளியிலும் காரணங்கள் இருந்தன. ஆற்றங்கரைச் சாலைகள் குறுகல். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை வண்டிகள் வரிசையாகப் போகும்; பின்னால் பஸ் மாட்டு நடையில் ஊர வேண்டும். வேகம் இல்லையென்றால் ரேடியேட்டருக்குக் காற்று இல்லை. ஏறின கூட்டத்துக்கோ கணக்கில்லை. இன்னொரு சங்கடம், சூடு அதிகமாக இருக்கும் சித்திரை, வைகாசியில் காவிரியும் வெண்ணாறும் வறண்டு கிடக்கும். ஆனி மாதம் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை, கண்டக்டர் டின்னைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக் கிணறு என்று தேட வேண்டும். எந்த ஊரில் கேட்டால் கொடுப்பார்கள், எந்தக் கிணறு உவர் என்பது பழைய கண்டக்டர்களுக்கு மனப்பாடம். உவர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துவிடும். ஆற்றுத் தண்ணீர் ஓடும் நாட்களில் அதையே விரும்பி ஊற்றினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் கரி வாயு வண்டிகள் வந்தன. சுந்தரம் ஐயங்காரே அதற்கு ஒரு 'காஸ் பிளான்ட்' தயாரித்தார். வண்டியோடு அடுப்பைப் பொருத்தி, அடுப்புக்கரியை எரித்து, வரும் வாயுவை ஆற்றி வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். எஞ்சினுக்குப் பலம் குறைவு, ஆனாலும் ஓடியது. அதிலும் காற்றுதான் சத்துரு. இணைப்பு ஒன்று தளர்ந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால் வாயு கெட்டு எஞ்சின் நின்றுவிடும். காற்று எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதை நம் மெக்கானிக்குகள் இந்தக் கரி வண்டிகளில்தான் நன்றாகப் பழகினார்கள் என்று நினைக்கிறேன்.

மூடி வந்த பிறகு

1950-களில் நிலைமை மாறியது. டாடா 1954-இல் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கினார்கள். எண்ணூரில் இருந்த அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. பெட்ரோல் பஸ்கள் போய் டீசல் பஸ்கள் வந்தன. 1972 மார்ச்சில் கும்பகோணத்தைத் தலைமையாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தபோது, சுழற்சிக்கு பம்ப், சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட், அழுத்தம் தாங்கும் மூடி என்று எல்லாம் வண்டிகளுக்கு வழக்கமாகிவிட்டன.

இந்த மூடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் பிறந்த தெனி பப்பேன் என்பவர் 1679-இல் ஒரு மூடிய பாத்திரம் செய்தார். நீராவியை வெளியே விடாமல் அடைத்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, மேலே போகும் என்று காட்டினார். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க ஒரு வால்வும் வைத்தார். நம் வீட்டுக் குக்கர் அதன் பேத்தி, ரேடியேட்டர் மூடி அதன் பேரன். மூடியின் மேல் 4 பவுண்டு, 7 பவுண்டு என்று பொறித்திருக்கும். ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி கொதிநிலை உயரும். இன்றைய கார்களில் 13, 15 பவுண்டு மூடிகள் சாதாரணம். அவற்றில் தண்ணீர் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும்.

இதன் பலன் பெரிது. தண்ணீர் வீணாவது நின்றது, கண்டக்டரின் டின் மறைந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ரெனோ 4 கார் 1961-இல் வந்தபோது, முழுவதும் மூடிய குளிர்விப்பு அமைப்போடு, தண்ணீர் ஊற்றவே வேண்டாம் என்று விற்றார்கள். ஆனால் திறந்த அமைப்பில் ஒரு நல்ல குணம் இருந்தது. காற்று புகுந்தாலும் தானே மேலேறிப் போய்விடும். மூடிய அமைப்பில் ஒரு முறை தண்ணீரை இறக்கிவிட்டு மறுபடி நிரப்பினால், காற்று போக வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் அந்தக் கார்களில் உச்சியில் ஒரு சின்னத் திருகாணி வைத்தார்கள். அதைத் தளர்த்திக் காற்றை விடுவதை 'ப்யூர்ழே' என்பார்கள். பேதி மருந்து கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்வதற்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். நம் மெக்கானிக் 'ஏர் எடுக்கிறேன்' என்பது அதைவிட நாகரிகமாக இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டும் இதில் உடந்தை. தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை அது கதவை மூடியே வைத்திருக்கும். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் வாய்வரை தண்ணீர் ஊற்றி, நிரம்பிவிட்டது என்று மூடியைப் போட்டால், கதவுக்கு அந்தப் பக்கம் எஞ்சினில் காற்று நின்றுகொண்டிருக்கும். இதற்காகவே பல தெர்மோஸ்டாட்டுகளில் ஊசித் துவாரம் ஒன்று இருக்கும். அது மேல்பக்கம் வரும்படி பொருத்த வேண்டும். கீழ்ப்பக்கமாக மாட்டினால் அந்தத் துவாரம் இருந்தும் பயனில்லை.

வயல்களிலும் இதே பாடம்தான் நடந்தது. 1960-61-இல் தஞ்சை மாவட்டத்தில் பேக்கேஜ் திட்டம் வந்து, குறுவைக்கு ஏ.டி.டி. 27 நெல் வந்து, ஃபில்டர் பாயிண்ட் போட்டு டீசல் எஞ்சினில் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தால் பம்ப் தண்ணீர் எடுக்காது. சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சந்துகளில் சாணி போய் அடைத்துக்கொள்ளும், பம்பும் பிடித்துக்கொள்ளும். டீசல் குழாயில் ஏர் பிடித்தால் திருகைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்து, நுரை போய் சுத்த டீசல் வரும்வரை பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள்கூட இதைப் பிசகில்லாமல் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று பில்களும் ஒரு கிளிப்பும்

நான் எழுத்தராக இருந்த அலுவலகங்களில் ஒன்றில், 1980-களில், ஒரு பழைய ஜீப் இருந்தது. அதன் லாக் புத்தகமும் ரிப்பேர் பில்களும் என் மேசைக்குத்தான் வரும். ஜீப் அடிக்கடி கொதித்தது. முதலில் ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள்; ஒரு பில். நாலு நாள் ஓடிப் பிறகு கொதித்தது. வாட்டர் பம்ப் மாற்றினார்கள், இரண்டாவது பில். மறுபடியும் அதே கதை. 'இந்த ஊர்ச் சூட்டுக்குத் தேவையில்லை' என்று தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்தார்கள், மூன்றாவது பில். அதன் பிறகு லாக் புத்தகத்தில் லிட்டருக்குக் கிடைக்கும் கி.மீ. குறைந்தது. எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமானால் எண்ணெய் கூடச் செலவாகும் என்பது எனக்கு அந்தக் கணக்கிலிருந்துதான் புரிந்தது. கொதிப்பு மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் பஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரை டிரைவர் அழைத்து வந்தார். அவர் எதையும் கழற்றவில்லை. ரேடியேட்டரின் வழிகுழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியைத் தண்ணீர் நிறைந்த பாட்டிலில் விட்டு, எஞ்சினை ஓட்டச் சொன்னார். பாட்டிலில் குமிழிகள் வந்தன. "உள்ள காத்து இருக்கு. எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும், தம்பி" என்றார். அடுத்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டச் சொன்னார். இப்போது குமிழி வரவில்லை.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பெல்ட் இல்லையென்றால் வாட்டர் பம்ப் சுற்றாது. அப்போதும் குமிழி வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் புகைக் காற்று. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். பம்ப் சுற்றும்போது மட்டும் வந்தால், பம்ப் வெளிக்காற்றை எங்கோ உறிஞ்சுகிறது. ரேடியேட்டரின் கீழ்க்குழாய் இணைப்பைத் தடவிப் பார்த்தார். வெள்ளையாக உப்புக் கோடு இருந்தது. அங்கே தண்ணீர் சொட்டியதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்ப் அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புதுக் குழாய் ஒரு அடி, கிளிப் இரண்டு, பழையபடி ஒரு தெர்மோஸ்டாட். பிறகு ஜீப்பின் மூக்கை வாய்க்கால் கரை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, பொறுமையாக நிரப்பிக் காற்றை வெளியேற்றினார். அதற்குப் பிறகு அந்த ஜீப் கொதித்ததாக லாக் புத்தகத்தில் பதிவு இல்லை. மூன்று பெரிய பில்களும் சுலபமாகப் பாஸாகின. இந்தச் சின்ன பில்லுக்குத்தான் 'ஏன், எதற்கு' என்று மேலே இருந்து விளக்கம் கேட்டார்கள்!

இன்று ஏர் எடுப்பது எப்படி

பிள்ளைகளின் காரையோ வீட்டு டிராக்டரையோ பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்காக, முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாளங்கள் இவை: சூட்டு முள் திடீரென்று ஏறி, திடீரென்று இறங்கும். டாஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்கும். மேல் குழாய் கொதிக்கும், கீழ்க்குழாய் சில்லென்று இருக்கும். குளிர் தேசங்களில் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தாலே டிரைவர் உஷாராகிவிடுவார். தஞ்சாவூரில் யார் ஹீட்டர் போடப் போகிறார்கள்? அந்த எச்சரிக்கை நமக்குக் கிடையாது. இன்னொன்று, சூடு அளக்கும் உணரி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் முள் சாதுவாக இருக்கும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். முள்ளை மட்டும் நம்பாதீர்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் எஞ்சின் முழுதும் ஆற வேண்டும். சூடான வண்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 110 டிகிரியில் அடங்கியிருந்த தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். வெறும் துணியைப் போட்டுத் திறந்து முகமும் கையும் வெந்தவர்கள் உண்டு. வெந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கட்டும். அப்போது ரேடியேட்டர் வாயே உயரமான இடமாகிவிடும். ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வையுங்கள். ஏர் திருகு இருந்தால் தளர்த்துங்கள். கம்பெனி சொன்ன கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். திருகில் குமிழி நின்று நீர் மட்டும் வந்ததும் மூடுங்கள். பிறகு எஞ்சினைச் சாதாரண வேகத்தில் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் 'குபுக்' என்று இறங்கும், குமிழிகள் வரும். இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றதும் மூடியைப் போடுங்கள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் இன்னொரு முறை மட்டம் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் குமிழி ஓயவில்லையென்றால் அது அடைபட்ட காற்று இல்லை. கேஸ்கெட்டையோ இணைப்பையோ பார்க்க வேண்டும்.

எல்லாக் கொதிப்புக்கும் காற்று காரணமும் அல்ல. இப்போது அறுவடை இயந்திரங்கள் வயலில் நின்று கொதிப்பதைப் பார்க்கிறோம். பெரும்பாலும் வைக்கோல் தூசியும் பதரும் ரேடியேட்டரின் முகத்தை அடைத்திருக்கும். ஊதித் தட்டினால் போதும். ஆனால் அவசரத்தில் டிரைவர் மூடியைத் திறந்து, பாதித் தண்ணீரைப் பொங்கவிட்டு, கையில் கிடைத்த போர்த் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு ஓட்டினால், இல்லாத காற்றுக் கோளாறு அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. வானம் கறுத்திருக்கும் நாளில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வந்த இயந்திரம் ஹெட் போய் நின்றால், நஷ்டம் இயந்திரக்காரருக்கு மட்டுமில்லை. கதிர் சாய்ந்து முளைத்துப் போகும் நெல் யாருடையது?

அந்தக் காலத்தில் வண்டி கொதித்தால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. இப்போது ஊற்றத் தெரிவதோடு, காற்றை விடவும் தெரிய வேண்டும். பாட்டிலில் குழாயை விட்டுப் பார்த்த அந்தப் பெரியவரின் வித்தைக்குப் பாட்டில் ஒன்றுதான் செலவு. பழைய பஸ் கம்பெனிகளிலும் சோழன் டிப்போக்களிலும் வேலை பார்த்த அப்படிப்பட்ட கைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், வீட்டுப் பையன்களை ஒரு நாள் அவரிடம் அழைத்துப் போய் உட்கார வையுங்கள். கரி வாயு வண்டி ஓட்டியவர்களிடம் யாராவது நேரில் கதை கேட்டிருந்தால், அதையும் மறக்குமுன் எழுதி வையுங்கள்.